கால்களுக்குக் கிடைத்த சான்றிதழ்

நான் செய்த தப்பை ஒப்புக்கொள்வதற்காகச் சாலை ஒழுங்கு ஆணையத்துக்கு மொத்தம் ஒன்பது முறை போய்வந்தேன். ஒன்பது முறையும் சைக்கிளில்தான் போனேன். அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. வழியில் யாரும் என்னை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் உடனே நின்றிருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியாது.

என் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு வார்த்து, அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வேன். இப்படி இருபது வருஷம் குனிந்திருந்த ஆளுக்கு நாற்பத்து நாலாவது வயதில் ஃபிக்ஸட் கியர் சைக்கிள் மேல் ஆசை வந்தது. "இந்த வயசுல ஆம்பளைங்களுக்கு எது எதுவோ வருது, இதோட போச்சேன்னு இருக்கேன்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

அந்தச் சைக்கிளைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் பின்சக்கரமும் பெடலும் ஒன்றோடு ஒன்று பூட்டியவை. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். இறக்கத்தில் காலை ஆறப்போட்டுக்கொண்டு சும்மா உருளலாம் என்ற பேச்சே இல்லை. நிற்க வேண்டுமானால் சுற்றுகிற பெடலை எதிர்த்துக் காலால் அழுத்த வேண்டும். வாங்கும்போது முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் இருக்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே தாடி என்று ஒருவர், வங்கிக் காசாளர், என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், இன்னும் பிரேக்கெல்லாம் வச்சிருக்கீங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அன்று மத்தியானமே ஸ்பானரை எடுத்து பிரேக்கைக் கழற்றி, வேலை மேசை இழுப்பறையில் உடைந்த பல்செட்டுகளுக்கு நடுவே போட்டுவிட்டேன். தாடி மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் ஸ்பானர் என் கையில் இருந்தது.

பிரேக்கைக் கழற்றிய பதினோராம் நாள் காலையில், பேக்கரி திருப்பத்தில், ஓர் அம்மா சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நிறுத்த நேரமும் இருந்தது. பெடலை எதிர்த்து அழுத்தினேன், வலது கால் சறுக்கிக் கீழே போய்விட்டது. அவர் வலது கையை ஊன்றி விழுந்தார். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் இறங்கி ஓடிப்போய், வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"பிரேக் பிடிக்கலக்கா."

தரையில் உட்கார்ந்தபடி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல தம்பி. நானும் அவசரத்துல பாக்காம வந்துட்டேன்" என்றார். திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

விபத்து நடந்த மூன்றாம் நாள், அவரைப் பற்றி விசாரிக்கப் பேக்கரிக்குப் போனேன். அவர் அங்கே கேக் மேல் கிரீமால் பெயர் எழுதுகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர்க் குழந்தைகளின் பெயர்களெல்லாம் அவர் கையெழுத்தில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. எல்லோருக்கும் அவர் கேக் அக்கா. இப்போது முதலாளியே எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துகள் கேக்கை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன.

"மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருக்கு. அது கூடி வர மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றார்" என்றார் முதலாளி. "தப்பு அவங்க பேர்ல இல்லைன்னு சாலை ஆணையத்துலேர்ந்து ஒரு கடிதம் வந்தா வேலையை அப்படியே வச்சிருப்பேன். கவனக்குறைவுன்னு வந்துச்சுன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும். எங்க கம்பெனி விதி அப்படி." கம்பெனி என்றால் அவரும் அவர் மைத்துனரும். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கால் கிலோ பிஸ்கட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆணையத்தில் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் அவருக்குக் கடிதம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அரசாங்கக் கட்டடத்தில் உண்மையைச் சொல்வது, ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

ஆணையத்தில் நான் போக வேண்டிய இடம் நிறுத்தத் திறன் பிரிவு. அங்கே தினமும் பத்து மணிக்கு ஊழியர்கள் அனைவரும் இருந்த இடத்தில் அசையாமல் ஒரு நிமிடம் நிற்பார்கள். சாலையில் நிற்பதன் முக்கியத்துவத்தை மனத்தில் பதித்துக்கொள்வதற்காம். இயக்குநர் முதலில் அசைந்த பிறகுதான் மற்றவர்கள் அசையலாம். இயக்குநர் பத்தே முக்காலுக்குத்தான் வருவார். நான் போனபோது கவுன்ட்டர் எழுத்தர் ஒரு கையில் முத்திரைக் கட்டையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார். நானும் வேறு வழியில்லாமல் நின்றேன்.

"சொல்லுங்க, யார் மேல புகார்?" என்றார், உயிர் வந்ததும்.

"என் மேலதாங்க."

"அது முடியாது சார். புகார் குடுக்கறவரும் எதிர்த்தரப்பும் ஒரே ஆளா இருந்தா ஒரே முகவரிக்கு ரெண்டு நோட்டீஸ் போகும். ஒருத்தர் வாங்கி வச்சுக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட குடுக்கலைன்னா யார் பொறுப்பு?"

"நான் எங்கிட்ட குடுத்துடுவேங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். "வீட்ல யாராவது இருந்தா குடுக்கச் சொல்லுங்க."

மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "உங்க மேல புகார் குடுக்கணும்னா எனக்கு ஒரு பக்கம் பத்தாதுங்க" என்றாள். மூன்று பக்கம் எழுதினாள். முதல் பக்கத்தில் விபத்து. மற்ற இரண்டில் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, வேலை அறையிலிருந்து சுண்ணத்தூளைக் காலில் ஒட்டிக்கொண்டு வீடெங்கும் நடப்பது, அவள் தம்பி கல்யாணத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது. எழுத்தர் மூன்றையும் நிதானமாகப் படித்தார். "துண்டு விஷயம் எந்தப் பிரிவுக்கு வரும்னு பாக்கணும்மா" என்று அவளிடம் மட்டும் மரியாதையாகச் சொன்னார்.

ஒரு வாரத்தில் ஆய்வாளர் முன் வண்டியோடு நின்றேன். ஒல்லியான மனிதர், கழுத்தில் அளவு நாடா. படிவத்தை எடுத்தார்.

"பிரேக்கைக் காட்டுங்க."

"இல்லைங்க. அதுதாங்க புகாரே."

"இல்லைன்னு எழுத இதுல கட்டம் இல்ல. 'நல்ல நிலை', 'மிக நல்ல நிலை', இந்த ரெண்டுதான் இருக்கு. வீட்லேர்ந்து எப்படி வந்தீங்க?"

"ஓட்டிக்கிட்டுத்தாங்க."

"வாசல்ல எப்படி நின்னீங்க?"

"காலால."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப கால்தான் பிரேக். விதி நாலைப் பாருங்க. வண்டியை நிறுத்த ஓட்டுறவர் பயன்படுத்துற எந்தச் சாதனமும் பிரேக்தான். இதுக்குப் போயா இவ்வளவு கவலைப்பட்டீங்க?"

எனக்குக் கவலை அப்போதுதான் ஆரம்பித்தது. அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். பிரேக் எண் ஒன்று, வலது கால். பிரேக் எண் இரண்டு, இடது கால். தயாரித்த ஆண்டு என்ற இடத்தில் நான் பிறந்த வருஷம். தயாரிப்பாளர் என்ற இடத்தில் என் அப்பா பெயர். அம்மா பெயரையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன். "கூட்டு நிறுவனம்னா அதுக்கு வேற படிவம் சார்" என்றார்.

"சார், அந்த வலது கால்தான் சறுக்கிச்சு. அதனாலதான் ஒரு அம்மாவோட கை உடைஞ்சுது."

"அதெல்லாம் சோதனையில தெரிஞ்சுடும்" என்று சொல்லி, என் முழங்கால் இரண்டிலும் ஊதா மையில் வட்ட முத்திரை குத்தினார். சோப்பு படக் கூடாது. கேட்டால் காட்டுகிற மாதிரி அரைக்கால் சட்டை போட வேண்டும். பிரேக்கை வண்டியிலிருந்து கழற்றக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அப்படியானால் நான் எப்படி இறங்குவது என்று கேட்டேன். அதை ஆராயக் குழு போட்டார்கள். நான் இறங்கிய கணத்திலிருந்து மறுபடி ஏறும் வரை அது வாகனமே அல்ல, சுவரில் சாய்த்துவைக்கப்பட்ட மரச்சாமான் வகை என்று பதினைந்து நாளில் சுற்றறிக்கை வந்தது. என் சைக்கிளில் மரம் எங்கேயும் இல்லை.

அதற்குள் ஒரு மாதம் ஓடியிருந்தது. பேக்கரி வழியாகப் போவதை விட்டுவிட்டேன். சுற்றுவழியில் போனால் பத்து நிமிடம் அதிகம், அதைத் தண்டனை என்று சொல்லிக்கொண்டேன். வேலையில் கவனம் சிதறியது. ஒரு பெரியவருக்கு மேல் தாடையில் இரண்டு பல் கூடுதலாக வைத்து அனுப்பிவிட்டேன். வாயை மூட முடியவில்லை என்று அவர் திரும்பி வந்தபோது, திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்தது. என்னைத் திட்ட ஆள் கிடைத்தும் பிரயோஜனமில்லாமல் போனது.

சோதனை ஒரு புதன்கிழமை ஆணையத்தின் முற்றத்தில் நடந்தது. வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். சொன்ன வேகத்தில் வந்து கோட்டுக்குள் நிற்க வேண்டும். தோற்றுவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அதற்காக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. கால் வழக்கம்போல் சறுக்கியது. கோட்டைத் தாண்டி, ஆணையத்தின் சொந்த 'நில்' பலகையில் மோதி, அதை வளைத்துவிட்டுத்தான் நின்றேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"கோடு யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றார் ஆய்வாளர்.

"தப்பான இடத்துல போட்டிருக்கீங்க."

கோட்டை அழித்துவிட்டு, என் முன்சக்கரம் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் போட்டார்கள். நான் கோட்டுக்குள் ஒரு சாண் மிச்சம் வைத்து நின்றதாகப் பதிவானது. 'மிக நல்ல நிலை.'

ஆய்வாளரை ஓரமாகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். அவர் பாவம், நல்ல மனிதர். "சார், பதினாறு வருஷமா இங்க யாரும் தோத்ததில்ல. நீங்க தோத்தா, இந்த வண்டியை இத்தனை நாள் எப்படி ரோட்ல விட்டீங்கன்னு எங்களைத்தான் கேப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். எனக்கு அவரையும் நினைத்துக் கஷ்டமாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் சாலை ஒழுங்கு விழா. என் கால்களுக்கு மேடையில் சான்றிதழ். இயக்குநர் பேசினார்.

"இந்த ஆணையம் வந்த பிறகு விபத்துகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆரம்பத்தில் விபத்துகளைப் பதிவு செய்ய நான்கு ஊழியர்கள் இருந்தார்கள். பதிவுகள் அதிகமாக இருந்தன. அதை மூன்றாக்கினோம். விபத்துகள் கால்வாசி குறைந்தன. இரண்டாக்கினோம், பாதியாகக் குறைந்தன. இன்று ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரும் மத்தியானத்துக்கு மேல் வருவதில்லை. ஆகவே பிற்பகலில் இந்த ஊரில் விபத்தே கிடையாது. வருகிற மார்ச்சில் அவர் ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு நாம் முழு வெற்றி அடைவோம்." முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரே ஊழியரும் கைதட்டினார்.

என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இதுதான் சமயம் என்று, "நான் பிரேக் இல்லாம ஓட்டி ஒரு அம்மாவோட கையை உடைச்சவன். தப்பு முழுக்க என்னோடது" என்றேன். இயக்குநர் என் தோளில் கை போட்டு, "இந்த அடக்கம்தான் நம்ம சாலைகளுக்குத் தேவை" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தாடிகூடக் கூட்டத்தில் இருந்தார்.

கேக் அக்காவுடைய விசாரணை அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. விசாரித்தவரும் இயக்குநர்தான். அக்கா விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார். பேக்கரி முதலாளி பின்வரிசையில் கடிதத்துக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா தெரிந்தவரைப் பார்த்த மாதிரி தலையசைத்தார். நான் குனிந்துகொண்டேன், அது எனக்குப் பழக்கமான வேலை.

"இவரோட பிரேக்குகளுக்குச் சான்றிதழ் இருக்கும்மா. 'மிக நல்ல நிலை'. உங்களை நிறுத்திக்க உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

"நான் நடந்துதானே சார் வந்தேன்."

"சரி, நிக்கணும்னா எதால நிப்பீங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "காலாலதான்."

"அப்ப உங்க காலும் பிரேக்தான். இவர் வழக்குல அது முடிவாயிடுச்சு. உங்க கால்களுக்குச் சான்றிதழ் எங்க?"

அக்கா தன் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பழைய செருப்பு, ஒரு வார் தைத்திருந்தது. 'சான்று பெறாத இரு பிரேக்குகளுடன் சாலையில் இயங்கியது' என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஆஸ்பத்திரியில் அக்கா கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார்கள். 'அவர் நல்ல மனுஷர். பிரேக் பிடிக்கவில்லை என்று அப்போதே சொன்னார். நானும் பார்க்காமல் வந்தேன். அவரை ஒன்றும் செய்ய வேண்டாம்.'

"பிரேக் பிடிக்கலைன்னு எப்படிம்மா சொல்றீங்க? ரெண்டையும் நாங்களே சோதிச்சிருக்கோம். அரசாங்கம் சான்று குடுத்த பிரேக்கைப் பத்தித் தப்பான தகவல் குடுக்கிறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

நான் எழுந்தேன். "சார், அப்படிச் சொன்னது—"

"உக்காருங்க. புகார் குடுத்தது உங்க சம்சாரம். அவங்க வந்தா பேசலாம். நீங்க எதிர்த்தரப்பு. உங்களுக்கு எதிரா நீங்க பேசினா உங்களை யார் காப்பாத்துறது?"

நான் உட்கார்ந்துவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்காரச் சொன்னதும் என் உடம்பு தானாக உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தடவை எழுந்திருக்கலாம். கத்தியிருக்கலாம். இரண்டு நிமிடத்தில் முடிவைப் படித்தார்கள். விபத்துக்கு முழுக் காரணம் பாதசாரியின் கவனக்குறைவு. முதலாளிக்கு அங்கேயே ஒரு பிரதி கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அக்காவிடம் வந்தார். "என்ன பண்றது, கம்பெனி விதின்னு ஒண்ணு இருக்கே. புதுசா ஒரு பொண்ணு நாளையிலேர்ந்து வருது" என்றார். அக்கா சரி என்று தலையாட்டினார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அக்கா அதில் தனியாக உட்கார்ந்திருந்தார். தாண்டிப் போய்விடப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டு, பக்கத்தில் இடம் விட்டார்.

"என்ன தம்பி முகமே சரியில்ல. விடுங்க. பிரேக் பிடிக்கலைன்னா நீங்கதான் என்ன பண்ணுவீங்க."

"பிரேக்கே இல்லக்கா" என்றேன். "இருந்துச்சு. நான்தான் கழட்டிப்போட்டேன். நாலு பேர் சிரிச்சாங்கன்னு."

அவர் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கப் பார்த்தார். சுட்டுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கியது.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்க்கா."

"அதை நம்பித்தான் வாக்குமூலம் குடுத்தேன். என் பேர்லயும் தப்பு இருக்குன்னு நானா சேத்துச் சொன்னேன். உங்களுக்கு எதுவும் ஆயிடக் கூடாதேன்னு." குரலில் கோபம் இல்லை. நடந்ததை வரிசைப்படுத்திப் பார்க்கிற மாதிரி சொன்னார். "இதை நீங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லையா?"

"சொன்னேன்க்கா. வீட்ல சொன்னேன். கவுன்ட்டர்ல சொன்னேன். ஆய்வாளர்கிட்ட, அந்தக் குழுவுல இருந்தவங்ககிட்ட, இயக்குநர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னேன். மேடையேறி மைக்லயே சொன்னேன். யாரும் எடுத்துக்கலை."

"எத்தனை பேர் இருக்கும்?"

எண்ணிப் பார்த்தேன். விழாவுக்கு வந்திருந்தவர்களை விட்டுவிட்டால் பதினேழு பேர். அதைச் சொன்னேன்.

"அப்ப நான் பதினெட்டு" என்றார் அக்கா. இடது கையால் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, படி இறங்கிப் போனார்.